140 கட்டுரைகளும் ஒரு பெருக்கல் கணக்கும்

"இந்த ஊரில் ஒரு சதுர மீட்டர் தரை வழியாக பூமிக்குள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது? அதே இடத்தில் விழும் வெயிலோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்."

முனைவர் பட்டத் தகுதித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. புவிவெப்ப ஆற்றலை ஆராய வந்தவன் நான். 140 கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுத்திருந்தேன். ஆனால் வெள்ளைப்பலகையின் முன்னால் ஓர் எண்ணைக்கூட எழுத வரவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அந்த ஆறு மாதங்களில் நான் படித்த முறை அடியோடு மாறியது. இப்போது இந்தத் தேர்வை நோக்கிப் போகும் தம்பி தங்கைகளுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் கேள்வி கேட்பவர்களைப் பற்றி. சிங்கப்பூரில் இந்தத் துறைகள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடக்கின்றன. ஒருவர் சுமத்ராவின் கரையோரப் பவளத்தில் பதிந்த பழைய நிலநடுக்கங்களைப் படிப்பார். அடுத்தவர் கடல்மட்ட உயர்வைக் கணிப்பார். இன்னொருவருக்கு சூரியத் தகடுதான் உலகம். உங்கள் தேர்வுக் குழுவில் இவர்களில் எவரும் உட்காரலாம். உங்கள் துறையின் கட்டுரைகளை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள்; ஆனால் அடிப்படை இயற்பியல் அவர்களுக்கு அத்துபடி. கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.

இனி அந்தக் கணக்கு. சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில் உள்ள வெந்நீர் ஊற்றில் தண்ணீர் சுமார் 70 டிகிரியில் மேலே வருகிறது. அந்தப் பகுதியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்ட ஆழ்துளையில், 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி பதிவானது. தரைமட்டத்தில் 28 டிகிரி என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 53 டிகிரி ஏறுகிறது. கண்டங்களில் பொதுவாக 25 முதல் 30 வரைதான். கருங்கல்லின் வெப்பக் கடத்துத்திறனை, அதாவது அது எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை, மீட்டருக்கு, டிகிரிக்கு 3 வாட் என்று கொண்டு பெருக்கினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.16 வாட். வெயிலோ, இரவும் மேகமும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் 180 வாட் அளவில் இருக்கிறது. ஆயிரம் மடங்குக்கும் மேல்! ஒரே ஒரு பெருக்கல். 140 கட்டுரைகளில் எதுவும் இதை எனக்குக் கற்றுத்தரவில்லை, ஏனென்றால் நான் எதையும் கணக்குப் போட்டுப் படிக்கவில்லை.

இதோடு நிறுத்தினாலும் மாட்டிக்கொள்வீர்கள். பாறை வழியாக வெப்பம் கடத்தப்படுகிறது என்று வைத்துத்தான் மேலே பெருக்கினோம். வெந்நீர் ஊற்றின் அருகிலோ, விரிசல்கள் வழியாகத் தண்ணீரே வெப்பத்தைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. ஆகவே அங்கே அளந்த வெப்பநிலை ஏற்றத்தை தீவு முழுவதற்கும் நீட்டக்கூடாது. எண்ணைச் சொன்ன கையோடு அது எந்த இடத்தில் பொய்த்துப்போகும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டாம் முறை நான் அப்படிச் சொன்னபோது, குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

என் படிப்பைத் திருப்பிப் போட்டது அப்பத்தா. செம்பவாங்கில் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் தாத்தா அங்கே வேலை பார்த்தார். அந்த வெந்நீரை அப்பத்தாவுக்கு அன்றிலிருந்தே தெரியும். தோல்வியோடு வீட்டுக்கு வந்த வாரம், என் ஆய்வு என்னவென்று அவரிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கொண்டே இருந்தால் சூடு தீர்ந்துவிடாதா அய்யா?" என்றார். நான் வாயடைத்து நின்றேன்.

தீரும். உள்ளிருந்து ஊறி வருவது அந்த 0.16 வாட்தான், நாம் எடுக்கப்போவது பாறையில் காலங்காலமாகச் சேர்ந்திருக்கும் வெப்பத்தை. ஒரு கன கிலோமீட்டர் கருங்கல்லை ஒரு டிகிரி குளிரவைத்தால் சுமார் 600 கிகாவாட்-மணி வெப்பம் கிடைக்கும். ஊற்று சிறியது, குளம் பெரியது. இந்த வேறுபாடு பிடிபட்ட பிறகுதான் வெயிலோடு ஒப்பிடச் சொன்னதன் பொருள் விளங்கியது. தமிழில் சொல்லும்போது கலைச்சொற்களின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்கும் ஒருவர் இருந்தால் வாரம் ஒருமுறையாவது அவர் எதிரே உட்காருங்கள்.

கட்டுரைகளைப் பற்றிச் சுருக்கமாக: மூன்றை மட்டும் எடுத்து, அவற்றில் உள்ள ஒவ்வொரு வரைபடத்தையும் கையால் வரைந்து பழகுங்கள். மற்றவற்றுக்குச் சுருக்கம் போதும்.

உங்கள் துறையில் நடந்த தவறுகளைத் தெரிந்துவைத்திருப்பது மிக முக்கியம். 2006இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புவிவெப்பத் திட்டத்துக்காக ஆழத்தில் நீரைச் செலுத்தியபோது நில அதிர்வுகள் எழுந்தன, திட்டம் கைவிடப்பட்டது. 2017இல் தென்கொரியாவின் போஹாங்கில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைப் புவிவெப்பத் திட்டமே தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019இல் முடிவு சொன்னது. மக்கள் காயமடைந்தார்கள், வீடுகள் சேதமாயின. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த தீவில் துளையிடுவதைப் பற்றி ஆராய்கிறவன் இதை மறைத்துப் பேசக்கூடாது. தேர்வுக் குழு கேட்கும்வரை காத்திராமல் நானே அதை எடுத்துவைத்தேன்.

தெரியாத கேள்வி நிச்சயம் வரும். எனக்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சிதைவால் சிங்கப்பூரின் அடியில் உள்ள புக்கிட் தீமா கருங்கல்லில் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன், பிறகு எந்த மாதிரியை எங்கே எடுத்து, எதை அளந்தால் தெரியவரும் என்பதைப் பலகையில் எழுதினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

தேர்வுக்கு முன் இந்த ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 122 டிகிரி நீர் மேலே வருகிறது. நம் ஊர்க் காற்று 30 டிகிரி. கோட்பாட்டு அளவில் அதிகபட்சம் எத்தனை விழுக்காடு மின்சாரமாக மாறும்? எனக்கு 23 வந்தது. நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைப்பது அரிது. அப்படியானால் அந்த வெப்பத்தை மின்சாரமாக்காமல், கட்டடங்களைக் குளிரூட்ட நேரடியாகப் பயன்படுத்தினால் என்ன? என் இரண்டாம் தேர்வின் கடைசி இருபது நிமிடமும் இதைச் சுற்றியே போனது.