பட்டிக்கு அடியில்

காட்பாடி ரோட்டு ஷெட்டில் இன்று ஒரு பழைய பத்மினி கார். பெயின்ட் பளபளன்னு இருந்தது. தகடு வேலை பார்க்கும் டிங்கர் கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தார்.

ஒட்டாமல் விழுந்தது.

உள்ளே தகடே இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் வெறும் பட்டி!

இந்த வண்டிக்குத் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எலும்பு. அந்த இடம் அரித்தால் கதவு தொங்கும். மேலே தகடு ஒட்டுவது ஏமாற்று வேலை. துருவை முழுசா வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கணும். வெட்டும் முன் உள்ளே முட்டுக் கொடுக்கலைன்னா பாடி வளைந்துவிடும்.

நெடுநாள் நின்ற இன்ஜினுக்கு உடனே செல்ஃப் அடிக்காதீங்க. 4 பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 2 ஸ்பூன் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, முதலில் கையால் சுற்றணும்.

டேங்கைக் கழுவாவிட்டால் துரு கார்புரேட்டரை அடைக்கும்.

பிரேக் ஹோஸ் மட்டும் கேள்வியே இல்லாமல் புதுசு. வேலூர் வெயிலில் கிடந்த ரப்பர் பார்க்க நல்லாத்தான் இருக்கும், மடக்கினால் விரிசல் தெரியும்.