எம்.ஆர்.ஐ பேப்பர் பாஸ்: படம் போட்டுப் படித்த கதை

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ பேப்பர் பாஸ், அதுவும் நல்ல மார்க். பி.எஸ்சி ரேடியோகிராபி கடைசி வருடத்தில் எல்லோரையும் தூங்கவிடாத பேப்பர் இதுதான், அதனால் சூடு ஆறுவதற்குள் ஜூனியர்களுக்காக எழுதிவிடுகிறேன். நான் மனப்பாடம் செய்கிற ஆள் இல்லை. நோட்ஸை வரி மாறாமல் ஒப்பிக்க முடிகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு படம். ஸ்பின் எக்கோ என்கிற ஸ்கேன் முறையில் எந்த ரேடியோ பல்ஸ், எந்தக் கிரேடியன்ட் (காந்தப்புலச் சரிவு) எப்போது வருகிறது என்று காட்டும் பல்ஸ் சீக்வென்ஸ் டயகிராம். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் புத்தகம் பார்க்காமல் வரைவேன். ஐந்து கோடுகள்: ஆர்.எஃப் (ரேடியோ பல்ஸ்), ஸ்லைஸ், பேஸ், ரீட் அவுட் என்று மூன்று கிரேடியன்ட், கடைசியில் சிக்னல். முதல் கோட்டில் 90 டிகிரி பல்ஸ், டிஈ-யின் (90-லிருந்து எக்கோ வரையான நேரம்) பாதியில் 180 டிகிரி பல்ஸ், டிஈ முடிகிற இடத்தில் எக்கோ, அதாவது திரும்பி வரும் சிக்னல். 90-க்கு நேர் கீழே ஸ்லைஸ் கிரேடியன்ட், அது முடிந்த கையோடு எதிர்ப்பக்கத்தில் பாதிப் பரப்புக்கு ஒரு சின்னக் கட்டம். 180-க்குக் கீழேயும் ஸ்லைஸ் கிரேடியன்ட் உண்டு, அதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பேஸ் கோட்டில் ஏணி, ஒவ்வொரு முறையும் ஒரு படி மாறும் கிரேடியன்ட். எக்கோவுக்கு நேர் கீழே ரீட் அவுட், 180-க்கு முன்னால் அதற்கொரு டீஃபேஸ் கட்டம் (சுழலும் புரோட்டான்களின் பேஸை முன்கூட்டியே கலைத்து வைப்பது).

அந்த டீஃபேஸ் கட்டம் கோட்டுக்கு மேலே வரும், ரீட் அவுட் இருக்கிற அதே பக்கம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பேனாவை நேராக அங்கேதான் வைத்தார். "கிரேடியன்ட் எக்கோவில் இது கீழே வருமே, இங்கே ஏன் மேலே?" நடுவில் இருக்கிற 180 பல்ஸ் பேஸை மொத்தமாகத் திருப்பிப் போட்டுவிடுகிறது, அதனால் முன்னால் கொடுத்ததும் பின்னால் கொடுப்பதும் ஒரே பக்கம் இருந்தால்தான் எக்கோவில் சமன் ஆகும், கிரேடியன்ட் எக்கோவில் 180 கிடையாது, நாமேதான் திசையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது, அப்புறம் கேட்டதெல்லாம் சுலபமான கேள்விகள்தான்.

இந்த ஒரு படம் இருந்தால் பாதி சிலபஸை அதிலிருந்தே எழுதலாம். ஒரே 90-க்குப் பின்னால் வரிசையாக 180 போட்டால் டர்போ ஸ்பின் எக்கோ. 90-க்கு முன்னால் ஒரு 180 வைத்தால் இன்வெர்ஷன் ரெக்கவரி. ஏணியின் ஒவ்வொரு படியும் கே-ஸ்பேஸில் (படமாக மாறுவதற்கு முன் சிக்னல் சேரும் கட்டம்) ஒரு வரி. சின்னப் படிகள் நடுவே விழுந்து கான்ட்ராஸ்டைத் தரும், பெரிய படிகள் ஓரத்தில் விழுந்து நுணுக்கத்தைத் தரும். நோயாளி அசைந்தால் வருகிற நிழல் ஏன் பேஸ் திசையில் மட்டும் ஓடுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ரீட் அவுட் சில மில்லி செகண்டில் முடிந்துவிடும், ஆனால் ஒரு பேஸ் படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே முழு டிஆர் (ஒரு 90-லிருந்து அடுத்த 90 வரையான நேரம்) ஓடுகிறது, அதற்குள் நெஞ்சு ஏறி இறங்கிவிடும். கழுத்து சாஜிட்டலில் (பக்கவாட்டுத் தோற்றப் படம்) பேஸ் திசையை மாற்றி, முன்பக்கம் சிக்னலை அடக்கும் சாச்சுரேஷன் பேண்ட் வைப்பதற்கும் இதுதான் காரணம்.

கணக்கு வந்தால் விடாதீர்கள், முழு மார்க். நேரம் என்றால் டிஆர் × பேஸ் வரிகள் × நெக்ஸ் (ஒவ்வொரு வரியையும் எத்தனை முறை எடுக்கிறோம்). 500 மில்லி செகண்ட், 256, 2 என்றால் 256 விநாடி, அதாவது 4 நிமிடம் 16 விநாடி. டர்போவில் எக்கோ ட்ரெயின் நீளத்தால் (ஒரு 90-க்குப் பின் வரும் எக்கோக்களின் எண்ணிக்கை) வகுக்கணும். ஃப்ரீக்வென்சி மேட்ரிக்ஸை (ரீட் அவுட் திசையின் புள்ளி எண்ணிக்கை) வேண்டுமென்றே கேள்வியில் கொடுப்பார்கள், அதைத் தொடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய மற்றவை:

- ஹைட்ரஜன் புரோட்டான் சுழலும் ஃப்ரீக்வென்சி 42.58 மெகாஹெர்ட்ஸ், ஒரு டெஸ்லாவுக்கு. 1.5 டெஸ்லாவில் 63.87.
- கொழுப்புக்கும் நீருக்கும் ஃப்ரீக்வென்சி வித்தியாசம் 3.5 பிபிஎம், 1.5 டெஸ்லாவில் சுமார் 220 ஹெர்ட்ஸ்.
- டி1 என்றால் பல்ஸுக்குப் பின் காந்தத் திசையிலான காந்தமாக்கம் 63% மீள ஆகும் நேரம், டி2 என்றால் குறுக்குத் திசையிலானது 37%-க்கு இறங்க ஆகும் நேரம்.
- கான்ட்ராஸ்ட் மருந்து (கடோலினியம்) கொடுத்தபின் ஸ்டிர் (டி1-ஐ வைத்துக் கொழுப்பை அணைக்கும் சீக்வென்ஸ்) போடக்கூடாது, ஏன் என்று எழுதணும்: கடோலினியம் ஏறிய திசுவின் டி1-உம் குறைந்து கொழுப்போடு சேர்ந்து அதுவும் அணைந்துவிடலாம்.
- வரலாறு கேட்டால் காந்த ஒத்ததிர்வுக்கு ப்ளாக், பர்செல் 1946, முதல் படத்துக்கு லாட்டர்பர் 1973, லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003 நோபல். இரண்டு வரி போதும்.

போஸ்டிங் (ஸ்கேன் சென்டரில் நேரடிப் பயிற்சி) பற்றி எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்களை அனுப்பிய சென்டரில் கன்சோலைத் தொடவே விடவில்லை. ட்ராலி தள்ள, நோயாளி மேல் வைக்கும் காயில் எடுத்துக் கொடுக்க, அவ்வளவுதான். ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு லோக்கலைசர் (முதலில் எடுக்கும் வழிகாட்டிப் படம்) போட்டுப் பார்க்கக்கூட வாய்ப்பு இல்லை என்றால் ப்ராக்டிகலில் என்ன செய்யும்? உங்களுக்கும் இதே நிலைமை என்றால் கண்ணாடிக்குப் பின்னால் சும்மா நிற்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் டிஆர், டிஈ, தடிமன் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து இது என்ன சீக்வென்ஸ் என்று சொல்லிப் பழகுங்கள். மூளை நீர் வெள்ளையா? டி2. நீர் கறுப்பு, வெண்பொருள் சாம்பல் பொருளைவிடப் பளிச்சென்று இருக்கிறதா? டி1. நீர் கறுப்பு, ஆனால் சாம்பல் பொருள்தான் பளிச்சென்று இருக்கிறதா? பெரும்பாலும் ஃப்ளேர் (நீரின் சிக்னலை அணைத்த படம்). நைட் ஷிஃப்ட் அண்ணன்கள் பொதுவாக நல்லவர்கள், கூட்டம் குறைந்தபின் மரியாதையாகக் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

சேஃப்டியை மட்டும் மார்க்குக்காகப் படிக்காதீர்கள். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போன ஒருவர் இறந்தே போனார். ஸ்கேன் பகுதியைப் பிரிக்கும் நான்கு ஸோன், 5 காஸ் கோடு (காந்தப்புலத்தின் பாதுகாப்பு எல்லை) எல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். "ஸ்கேன் அறைக்குள் கார்டியாக் அரெஸ்ட், என்ன செய்வாய்?" என்பதுதான் வைவாவில் ஆளைப் பிரிக்கிற கேள்வி, என் பேட்சில் பலர் க்வென்ச் பட்டன் (குளிர்விக்கும் ஹீலியத்தை வெளியேற்றிக் காந்தத்தை அணைப்பது) என்று சொன்னார்கள். க்வென்ச் செய்தாலும் காந்தம் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேலேகூட ஆகலாம், குழாயில் கோளாறு இருந்தால் ஹீலியம் அறைக்குள் நிரம்பி ஆக்சிஜன் குறைந்துவிடும். சரியான வரிசை: சி.பி.ஆர் தொடங்கிக்கொண்டே காந்தத்துக்கு ஒத்துவரும் ட்ராலியில் நோயாளியை வெளியே கொண்டுவா, கதவைச் சாத்து, ஓடி வருகிற டாக்டர் டீஃபிப்ரிலேட்டரோடு உள்ளே நுழையாமல் வாசலில் ஒருவரை நிறுத்து. க்வென்ச், ஒரு மனிதர் காந்தத்தோடு ஒட்டி நசுங்கிக் கிடக்கும்போதுதான்.