லேக் தெருவில் எழுந்த மைதானம்

2011-இல் தோட்டக்கலை படிக்க அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் காலின்ஸ் ஊருக்கு வந்தேன். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானமான ஹியூஸ் ஸ்டேடியம் அப்போது வளாகத்துக்கு வெளியே, மேற்கே சில மைல் தள்ளி, மலையடிவாரத்தில் இருந்தது. 1968-இல் கட்டியது. இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். எனக்கு அது புரியவே ஒரு வருஷம் பிடித்தது.

மறு வருஷமே பேச்சு சூடு பிடித்தது. ஹியூஸை விட்டுவிட்டு வளாகத்துக்குள்ளேயே புதிதாகக் கட்டலாமாம், லேக் தெருவுக்கும் பிட்கின் தெருவுக்கும் நடுவே. தோட்டக்கலைத் துறையின் பசுமைக்குடில்கள் இருந்த இடம் அது.

ஜனவரிக் குளிரில் அந்தக் குடிலின் கதவைத் திறந்து உள்ளே போனால் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிடும். ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாது. ஈர மண் வாசனை மட்டும் வரும். எங்கள் ஊர் நாற்றங்காலில் அப்பா தண்ணீர் விட்டு முடித்ததும் எழும் அதே வாசனை. துடைத்துப் போட்டுக்கொண்டு தக்காளி நாற்றுகளைப் பார்க்கப் போவேன். அதன் மேல் மைதானம் வரப்போகிறது என்று கேட்டபோது தொண்டை அடைத்தது.

ஊரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சனிக்கிழமை இரைச்சல், கார் நிறுத்தும் தொல்லை, கடன் என்று பலர் எதிர்த்தார்கள். பாதிப் பணமாவது நன்கொடையாக வரவேண்டும் என்று அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் டோனி ஃபிராங்க் முதலில் நிபந்தனை வைத்திருந்தார். அவ்வளவு சேரவில்லை. ஆனாலும் 2014 டிசம்பரில் பல்கலைக்கழக நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்தது. ஏறக்குறைய 22 கோடி டாலர், பெரும்பகுதி கடன் பத்திரங்கள் மூலம். அந்தக் கணக்கு இன்றும் எனக்கு ஒப்பவில்லை.

2017 ஆகஸ்ட் 26, முதல் ஆட்டம். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 58-27 என்று ஜெயித்தோம். ஸ்கோரைவிட எனக்கு மனசில் நிற்பது பிள்ளைகள் விடுதியிலிருந்து கும்பல் கும்பலாக நடந்தே வந்ததுதான். கார் இல்லாத எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு ஹியூஸ் எவ்வளவு தூரம் என்று அன்றுதான் உறைத்தது. எதிர்த்த நான் கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்பினேன்.

ஆனால் நான் அதிகம் கவலைப்பட்டது பழைய இடத்தைப் பற்றித்தான். 2018-இல் ஹியூஸை இடித்தார்கள். அங்கே வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. மக்கள் விடவில்லை, கையெழுத்து திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2021 ஏப்ரலில் பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் அந்த நிலம் திறந்தவெளியாகவே இருக்கட்டும், நகரமே வாங்கட்டும் என்று வாக்களித்தார்கள். எனக்கு ஓட்டு இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காரில் ஏற்றி, வாக்குச்சீட்டை உறையோடு பெட்டியில் போட அழைத்துப்போனேன். போட்டுவிட்டு அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நகரமே அந்த நிலத்தை வாங்கிவிட்டது. போன குளிர்காலத்தில் என் மகன் அந்தச் சரிவில் பனிச்சறுக்குப் பலகையில் இறங்கினான். மேலே மலையில் மாணவர்கள் வெள்ளையடித்து வைத்திருக்கும் பெரிய 'ஏ' எழுத்து பனியோடு கலந்து பாதிதான் தெரிந்தது. "அம்மா, இன்னொரு தடவை" என்று பலகையை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினான்.