தலைகீழாய் வந்த ஸ்பெக்ட்ரம்

பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையான சாஜிடேரியஸ் ஏ ஸ்டாரின் ரேடியோ ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு பிரகாசம் என்ற வரைபடத்தை, ஆர்க்கைவில் கிடக்கும் பழைய டேட்டாவை மட்டும் வைத்தே போட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: முடியும். எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் மூன்று வாரத்தை ஒரு ஹார்ட் டிஸ்க் தின்றது.

டேட்டா கோவையில், கல்லூரி சர்வரில். நான் இருப்பது சோமனூரில். டிஸ்க் கேட்டு எழுதிக் கொடுத்த லெட்டரை ஆபீஸ்காரர் முன்னும் பின்னும் புரட்டினார். "ஏனுங் தம்பி, நோக்கம்னு போட்ட எடத்துல கருந்துளைன்னு இருக்குதுங்களே, இத ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எதுலீங்க ஏத்தறது?"

"கம்ப்யூட்டர் சாமான்னு போட்டுக்கோங்கண்ணா."

"அப்ப ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேணுமுங்க."

ஹெச்.ஓ.டி. லீவு. மூன்றாவது நடையில் டிஸ்க் கைக்கு வந்தது. வீட்டில் செருகிப் பார்த்தால் பாதி ஃபைல்தான் ஏறியிருந்தது. மறுபடி பஸ். தயவுசெய்து அங்கேயே ஃபைல் சைஸைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டேட்டாவின் அளவுகோலைச் சரிசெய்யும் கேலிபரேஷன், பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த 3சி286 என்ற விண்பொருளின் புண்ணியத்தில் ஒரே நாளில் முடிந்தது.

டேட்டாவைப் படமாக்கும் இமேஜிங்கில்தான் சரியான அடி. புனே பக்கத்து ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் பேண்ட் 5, அதாவது 1050–1450 மெகாஹெர்ட்ஸில், எனக்கு ஐந்து ஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தின் அலகு) வந்தது. அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியின், அலை குட்டையான 5 கிகாஹெர்ட்ஸ் டேட்டாவில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இந்தக் கருந்துளை மில்லிமீட்டர் அலை பக்கம் போகப் போகத்தான் மெல்லப் பிரகாசமாகும். என்னுடையது நீள அலையில் கொழுத்திருந்தது. கைடு பார்த்துவிட்டு, "படத்தைத் தலைகீழாப் புடிச்சிருக்கியா?" என்றார்.

அளந்தது கருந்துளையை மட்டும் அல்ல. அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் சாஜிடேரியஸ் ஏ வெஸ்ட் வாயுவையும் சேர்த்து. ஜி.எம்.ஆர்.டி.யின் 30 ஆண்டெனாக்களில் 14, நடுவே ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நெருக்கி நிற்கின்றன. குறுகிய பேஸ்லைன்கள், அதாவது நெருங்கி நிற்கும் ஆண்டெனா ஜோடிகள், பரந்த ஒளிர்வை அப்படியே அள்ளிக்கொள்ளும். 20 கிலோலாம்டாவுக்குக் கீழே, அதாவது இருபதாயிரம் அலைநீளத்துக்கும் குறைந்த இடைவெளியில், இருந்த ஜோடிகளையெல்லாம் வெட்டினேன், இரண்டு டேட்டாவையும் ஒரே பீமுக்கு, அதாவது ஒரே கூர்மைக்கு, கொண்டுவந்தேன், ராத்திரி ஓடவிட்டேன். பக்கத்துத் தறிகள் சடக் சடக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு மணிக்குக் கரண்ட் போனது, யு.பி.எஸ். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மறுநாள் ராத்திரி மறுபடி. விடியற்காலையில் திரையில் ஒற்றைப் புள்ளி, அரை ஜான்ஸ்கிக்குக் கொஞ்சம் மேலே. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்காடா கண்ணு இத்தன நாளு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு வில்லங்கம் மட்டும் பாக்கி. இந்தக் கருந்துளையின் பிரகாசம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். என் இரண்டு டேட்டாவும் வெவ்வேறு வருஷம். பிழை அளவைக் காட்டும் எரர் பாரைப் பெரிதாகப் போட்டுத்தான் சமர்ப்பித்தேன். இப்போது ஜி.எம்.ஆர்.டி. ஆண்டெனாக்களை இரண்டு அணியாகப் பிரித்து, பேண்ட் 4, பேண்ட் 5 இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க நேரம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். புது டிஸ்க்கைச் சொந்தக் காசிலேயே வாங்கிவிட்டேன்.