புகை வந்தது உண்மைதான்

அத்தை வந்து தங்கியிருக்கும் வாரத்தில்தான் எதுவும் வெடிக்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். போன தீபாவளிக்குக் குக்கர். இந்தத் தடவை பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வற்றல் குழம்பின் மயக்கத்தில் வீடே படுத்துக் கிடந்தது. பல்லாவரம் சந்தையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்த பெட்டி அது. விசைகளின் இடுக்கில் செத்துக் கிடந்த கரப்பான்களைப் பழைய பல் பிரஷ்ஷால் வெளியேற்றி, டிவியோடு இணைத்து, சுவிட்சைப் போட்டேன். முதலில் கனமாக ஒரு 'பூ', பிறகு மெல்லியதாக ஒரு 'பீப்'. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து.

1984-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்க மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டதே, அப்போது வந்த ரகம். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தரிசிக்க வேண்டிய வஸ்து. அதன் 32 கிலோபைட் நினைவகம் இன்று அத்தை காலையில் அனுப்பும் 'குட்மார்னிங்' ரோஜாப்பூவில் ஓர் இதழுக்குக் காணாது.

கொஞ்ச நேரம் கழித்து 'டப்' என்றது. இடப்பக்க இடுக்கிலிருந்து பழுப்புப் புகை பொங்கியது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்.

"அடுப்பில் எதையடி விட்டாய்?" என்று அத்தை அலறினார்.

"அடுப்பில்லை அத்தை, அவர்தான்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

அதற்குள், ஓய்வுபெற்றும் மின்வாரியத்தை விடாத மேல்வீட்டு மாமா பாய்ந்து வந்து மெயினை இறக்கிவிட்டார். எங்களுடையதை மட்டுமா? அத்தனை வீட்டுடையதையும். டிவியில் கிரிக்கெட், கடைசி ஓவர். மாடிப்படியில் கூடிய கூட்டத்தை வைத்து வார்டு தேர்தலே நடத்தியிருக்கலாம்.

செத்தது ஒரு கெப்பாசிட்டர். மின்சாரம் நுழையும் இடத்தில், மஞ்சளாக, கண்ணாடி போன்ற மேலுறையோடு இருக்கும். உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள். வருடங்கள் போனால் உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, காகிதத்தில் ஈரம் ஏறும். சென்னைக் காற்றுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கம்ப்யூட்டர் கிளப்பும் மின் இரைச்சல் வயர் வழியே போய்ப் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கரகரக்க வைக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆக, அந்தப் பெட்டிக்குள் அக்கம்பக்கத்தாருக்காகவே உழைத்து உயிரை விட்டது அது ஒன்றுதான். அக்கம்பக்கத்தார் திட்டியதோ என்னை.

இதை நான் படிப்படியாக விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா மெயினை ஏற்றினார். உள்ளேயிருந்து 'பூ... பீப்'. அந்தப் பாகம் போனாலும் கம்ப்யூட்டர் ஓடும்.

"இன்னும் சாகவில்லையா அது?" என்றார் அத்தை.

மறுநாள் மாலை மாமா சால்டரிங் அயர்னோடு இறங்கி வந்தார். ரிச்சி தெருவில் டீக்காசுக்குக் கிடைத்த 275 வோல்ட் கெப்பாசிட்டரை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஈயம் முத்தாகத் திரண்டு நிற்கும்படி அவரே பற்றவைத்தார். "இத்தனை கூத்துக்கும் இது என்னதான் செய்யும்?" என்று அத்தை கேட்டதால் 10-ஆம் வரியில் பிரிண்ட் (பெயரை எழுது), 20-ஆம் வரியில் கோடூ 10 (10-க்கே திரும்பிப் போ) என்று இரண்டே வரி அடித்தேன். திரை முழுக்க அத்தை பெயர் ஓடியது.

அத்தை எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார். "இனிஷியல் எங்கேடா?"

எஸ்கேப் விசையைத் தட்டி நிறுத்தி, அத்தையின் கணவர், போய்ச் சேர்ந்த மாமாவின் முதல் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். சீரியல் நேரம் வந்தும் டிவியைத் திரும்பக் கேட்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனால், இதே ரகத்தில் இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார் கடைக்காரர். "கரண்டு ஆபீஸ் சார் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்கிறார்.