பிளாக்ஃபிரையர்ஸ் முனையில் ஒரு பப்

லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது 'த பிளாக் ஃபிரையர்', அதாவது 'கருப்புத் துறவி'. குயின் விக்டோரியா தெருவும் நியூ பிரிட்ஜ் தெருவும் சேரும் முனையில், ஆப்பு மாதிரி ஒடுங்கிய கட்டடம். அக்கம்பக்கத்துப் பழைய கட்டடங்கள் போய்விட்டதால் தன்னந்தனியாகத் தெரிகிறது. 1960-களில் இதையும் இடிக்கத்தான் இருந்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமனும் மற்றவர்களும் போராடித் தடுத்தார்கள். அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

கட்டியது 1875-ல். அப்போது இது சாதாரண மதுக்கடை. இன்றைய அழகெல்லாம் ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1905-ஐ ஒட்டி வந்தது. கட்டடக் கலைஞர் ஃபுல்லர் கிளார்க்கும், சிற்பிகள் ஃபிரெடரிக் கால்காட்டும் ஹென்றி பூலும் சேர்ந்து இதை அடியோடு மாற்றினார்கள். கருவுக்காக அவர்கள் வெளியே எங்கும் தேடிப் போகவில்லை. இந்த இடத்தில்தான் 13-ஆம் நூற்றாண்டு முதல் கருப்பு மேலங்கி அணிந்த, டொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளின் மடம் இருந்தது. மன்னர் எட்டாம் ஹென்றியின் மணவிலக்கு வழக்கு 1529-ல் விசாரிக்கப்பட்டதும் அங்கேதான். 1538-ல் அதே ஹென்றியின் ஆட்சி மடத்தை மூடிவிட்டது. ஏறக்குறைய 370 ஆண்டுகள் கழித்து, துறவிகள் சிற்பங்களாகத் திரும்பி வந்தார்கள். வாசலுக்கு மேலே தொந்தியில் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கும் துறவிதான் முதலில் வரவேற்கிறார்.

உள்ளே சுவரெல்லாம் பல நிறப் பளிங்கு. ஒரு பக்கம் அகன்ற வளைவுக்குள் கணப்பு, அதன் இருபுறமும் உட்கார இடம். அதை அவசரமாகப் பார்த்துவிட்டுச் செப்புப் புடைப்புச் சிற்பங்களிடம் வந்துவிட்டேன். 'நாளை வெள்ளிக்கிழமை' என்பது ஒன்றின் பெயர். வெள்ளியன்று இறைச்சி கூடாது என்பதால் துறவிகள் முந்தின நாளே மீனும் விலாங்கும் பிடிக்கிறார்கள். 'சனிக்கிழமை பிற்பகல்' என்ற இன்னொன்றில் தோட்ட வேலை நடக்கிறது. அங்கி மடிப்புகளில் விளக்கொளி விழும்போது குனிந்திருப்பவரின் முதுகுப் பாரம் தெரிகிறது. புனிதர்களின் அற்புதங்களை விட்டுவிட்டு, துறவிகளின் அன்றாட வேலைகளை எடுத்துக்கொண்டார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேலை முடிந்து வந்து நிற்கும் ஆட்களுக்கு, வேலை செய்யும் ஆட்களின் சிற்பம்!

மூன்று தாழ்வான வளைவுகளைத் தாண்டினால் பின்னால் ஒரு சிறிய அறை. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் தொடங்கிப் பிறகு சேர்த்தது. பீப்பாயைப் பிளந்து கவிழ்த்ததுபோல் வளைந்த கூரை, அதில் மொசைக் மின்னுகிறது. சுவரில் பழமொழிகள் பொறித்திருக்கிறார்கள்: 'அவசரம் தாமதம்', 'பகட்டு மடமை', 'ஞானம் அரிது'. 'விளம்பரம் செய்யாதே, வம்பு பேசுபவரிடம் சொல்' என்ற வரியோடு வரும் சிற்பத்தில் துறவிகள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். துவைக்கிற இடத்தில் ஊர்க்கதை பேசாமல் இருப்பார்களா?

தேவாலயத்துக்கு ஆகும் பளிங்கையும் உழைப்பையும் ஒரு தெருமுனைக் கடைக்குக் கொட்டியிருக்கிறார்கள். இது வீண் செலவு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிக்கெட் எடுத்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் அருங்காட்சியகத்தில் இது கிடைக்காது. ஒரு கோப்பை வாங்கினால் போதும், சிற்பத்துக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் 'கிரேடு II*' என்ற உயர் தகுதியோடு இருக்கும் கட்டடம், இன்றும் கடையாகவே நடக்கிறது.

போகிறவர்கள் வார நாளில் மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்த பிறகு போங்கள். மாலையில் அலுவலகக் கூட்டம் நெருக்கியடிக்கும், பின் அறையில் கூரையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டாம், காப்பியும் சாப்பாடும் உண்டு. வெளியே வந்ததும் கிளம்பிவிடாமல் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, கதவுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் செப்புப் பலகைகளையும் பார்த்துவிடுங்கள்.