கிருமாம்பாக்கம் பனி

காலைல ஆறு மணி, கடலூருக்குப் போறோம், கிருமாம்பாக்கம் தாண்டினதும் ரோடே காணோம். மார்கழிப் பனி ரெண்டு பக்க வயல்லேர்ந்தும் அப்படியே வந்து உக்காந்துருக்கு.

"ஹை பீம் போடு மாப்ள"ன்னாரு பக்கத்துல மாமா.

போட்டேன். கண்ணு முன்னாடி வெள்ளை வேட்டிய விரிச்சுக் காயப்போட்ட மாதிரி ஆயிடுச்சு, அவ்ளோதான்.

பனின்னா காத்துல மிதக்குற தண்ணித் துளிதானே, வெளிச்சத்த ஏத்துனா அது நம்ம மூஞ்சிலயே திருப்பி அடிக்குது, லோ பீமுக்கு மாத்தின பிறகுதான் ஓரத்து வெள்ளைக்கோடே தெரிஞ்சுது, அதப் புடிச்சுக்கிட்டு 30லயே உருட்டிட்டுப் போனேன்.

முன்னாடி ஒரு வேன், நாலு இண்டிகேட்டரும் மினுக்கிக்கிட்டே ஓடுது. பாதுகாப்பாம்! நிக்கிறானா போறானான்னே புரியல, திடீர்னு பாகூர் பக்கம் திரும்பிட்டான். நாலும் மினுக்குனா எந்தப் பக்கம் திரும்புவான்னு எவனுக்குத் தெரியும்?

இதுல முன் கண்ணாடி உள்பக்கம் வேற ஆவி படிஞ்சு மூடிடுச்சு. ஏசி போட்டேன். "குளிர்ல எதுக்குப்பா ஏசி"ன்னு மாமா கத்துறாரு. உள்ள இருக்க ஈரத்த இழுக்குறதே அதுதான் மாமான்னேன், நம்பல. கொஞ்ச நேரத்துல கண்ணாடி பளிச்.

பெண்ணையாத்துப் பாலத்துல வெயில் வந்துச்சு. மாமா தலைல துண்டு சுத்திக்கிட்டு தூக்கம்.